ஓட்ஸ் பால்: மகனுக்குச் சரி, அம்மாவுக்கு?

எங்கள் வீட்டுக்கு ஓட்ஸ் பால் வந்து இரண்டு வருடமாகிறது. வந்தது சின்ன மகனுக்காக. ஆனால் ஃபிரிட்ஜில் ஒரு சாமான் இருந்தால் அது ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருக்கிற வீடு எங்களுடையதில்லை. அம்மா தேத்தண்ணிக்கு ஊற்றிப் பார்த்தார். கொலஸ்ட்ரோலுக்கு நல்லதென்று ஏதோ வீடியோவில் கேட்டுவிட்டு அப்பாவும் ஒரு கிளாஸ் குடிக்கத் தொடங்கினார். ஒன்பது வயது மகள், மாடுகள் பாவம் என்று சொல்லித் தன் சீரியலுக்கு அதைத்தான் கேட்டாள். ஒரு மாதத்துக்குள் வாரம் இரண்டு பெட்டி போன இடத்தில் ஏழு பெட்டி போனது.

நண்பர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் கேள்வி எப்போதும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: "ஓட் மில்க் நல்லதா, கூடாதா?" ஒருவர் அமுதம் என்பார், இன்னொருவர் வெறும் சீனித்தண்ணி என்பார். இரண்டு வருடமாக ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு அதை ஊற்றி வந்ததில், அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது என்பது எனக்கு விளங்கியது. யாருக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

மகனுக்கு மூன்று மாதமாக இருக்கும்போது சத்தி, முகமெல்லாம் கரப்பன், நப்பியில் சளியோடு இரத்தக் கோடு. முதல் இரண்டு தடவை "எல்லாப் பிள்ளைகளும் சத்தி எடுக்கும்" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை பார்த்த டொக்டர்தான் பசுப்பால் புரத ஒவ்வாமை என்றார். நான் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தபடியால் முதலில் பாலை நிறுத்தியது நான். தேத்தண்ணி, யோகட், பட்டர், சொக்லட் எல்லாம் போயிற்று. பிறகு மேலதிகமாகக் கொடுக்க, புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த விசேட பால்மாவை மருந்துச் சீட்டில் எழுதித் தந்தார்கள். மணம் சகிக்காது. பிள்ளை குடித்தான்.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் பெரிய பாடாக இருந்தது. "பால் ஒத்துக்கொள்ளேல்லை எண்டா ஆட்டுப்பால் குடுத்துப் பாப்பமே" என்றார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு அது இயல்பான யோசனை. அங்கே ஆட்டுப்பால் தேத்தண்ணிக்கு இருக்கிற மரியாதை லண்டனில் எந்தக் கோப்பிக்கும் கிடையாது. ஆனால் ஆட்டுப்பாலின் புரதமும் பசுப்பாலின் புரதமும் சகோதரர்கள் மாதிரி. பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் உடம்பு இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது. கடையில் விற்கிற லாக்டோஸ் நீக்கிய பாலும் உதவாது. அதில் எடுத்திருப்பது பாலின் சீனியை மட்டும், புரதம் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் பலர் இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை என்பது பால் சீனியைச் செரிக்கிற நொதியம் வயதோடு குறைந்துபோவது. வயிறு ஊதும், வயிற்றோட்டம் வரும், உயிராபத்து இல்லை. தென்னாசியர்களில் வளர்ந்தவர்களுக்கு இது மிகச் சாதாரணம். அப்படிப்பட்ட பலர் தயிரையும் மோரையும் பிரச்சினையில்லாமல் சாப்பிடுவார்கள். ஒவ்வாமை என்பது வேறு. அங்கே நோயெதிர்ப்புத் தொகுதி பால் புரதத்தை எதிரியாக நினைக்கிறது. சில பிள்ளைகளுக்கு எங்கள் மகனைப்போலப் பல மணி நேரம், சிலவேளை ஒன்றிரண்டு நாள் கழித்து வயிற்றிலும் தோலிலும் தெரியும். சிலருக்குச் சில நிமிடங்களிலேயே உதடு வீங்கி மூச்சு முட்டும். அந்த இரண்டாவது வகைக்கு வீட்டில் எந்தப் பரிசோதனையும் செய்யக்கூடாது.

ஓட்ஸ் பால் முதலில் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதும் இதோடு சம்பந்தப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஒஸ்டே என்ற உணவு விஞ்ஞானி, லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு மாற்றுத் தேடித்தான் இதைச் செய்தார். 1994இல் தொடங்கிய அந்தக் கம்பனிதான் இன்றைய ஓட்லி. அதாவது குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று யாரும் இதைச் செய்யவில்லை. ஒரு வயதுக்கு முன் எந்தத் தாவரப் பாலும் பிள்ளையின் முக்கிய பானமாக இருக்கக்கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சியிலோ பான்கேக்கிலோ கொஞ்சம் சேர்த்துச் சமைக்கலாம், அவ்வளவுதான். ஒரு வயதுக்குப் பிறகு, சீனி சேர்க்காத, கல்சியம் சேர்த்த தாவரப் பாலைச் சமச்சீர் உணவின் ஒரு பகுதியாகக் கொடுக்கலாம் என்று இங்கே என்.எச்.எஸ். சொல்கிறது. அரிசிப் பால் மட்டும் ஐந்து வயதுவரை வேண்டாம், அதில் ஆர்சனிக் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கு ஒன்று: உங்கள் அரசின் உணவு வழிகாட்டலில் பசுப்பாலுக்கு ஈடாக ஏற்றுக்கொண்ட ஒரே தாவரப் பால், சத்துச் சேர்த்த சோயாப் பால்தான். ஓட்ஸ் அந்த இடத்தில் இல்லை.

ஏன் இல்லை என்பது பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தால் தெரியும். பசுப்பால் 100 மில்லிலீற்றரில் ஏறக்குறைய மூன்றரை கிராம் புரதம். ஓட்ஸ் பாலில் பெரும்பாலும் ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 300 மில்லி குடிக்கிற பிள்ளைக்கு ஒன்றில் பத்துக் கிராம், மற்றதில் மூன்று. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதமே பதினைந்து கிராமுக்குக் கிட்டத்தான். முட்டை, மீன், பருப்பு நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை என்றால் குறையை அங்கே நிரப்பிக்கொள்ளலாம். பாலிலேயே வயிற்றை நிரப்பிவிட்டுச் சோற்றுக்கு வாயை மூடிக்கொள்கிற பிள்ளை என்றால் கவலைப்பட வேண்டும்.

எங்கள் மகன் அந்த இரண்டாவது ரகம். ஒரு வயதில் சிவப்புப் புத்தகத்தில் அவனுடைய நிறைக்கோடு ஒரு வளைவுக்குக் கீழே இறங்கி அடுத்ததைத் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தப் புத்தகத்தைத் திறக்கவே எனக்கு விருப்பமில்லாமல் இருந்தது. டயட்டிஷியன் விசேட பால்மாவை உடனே நிறுத்த விடவில்லை. "கோடு நிமிர்ந்த பிறகு மாற்றுவோம்" என்று நான்கு மாதம் கொடுத்தார். ஓட்ஸ் பாலுக்கு மாறும்போதும் கொழுப்புக் குறைந்த லைட் வகையை எடுக்க வேண்டாம், இரண்டு வயதுவரையாவது கொழுப்புக் கூடினதாகப் பாருங்கள் என்றார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் பால், முன்னால் இல்லை. இரவில் போத்தலோடு படுக்க விடக்கூடாது.

அந்த நான்கு மாதமும் அம்மா என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அண்ணா கைக்குழந்தையாக இருந்தபோது பொருளாதாரத் தடை. யாழ்ப்பாணத்துக்குள் பால்மா ஒழுங்காக வராது. ஒரு பெட்டி வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டால் விடியப் போய் நிற்க வேண்டும், நின்றாலும் கிடைக்காது. கிடைத்ததைத் தண்ணியாகக் கரைத்து நாளைக் கடத்துவாராம். "பால் கிடைக்காமப் பிள்ளை வளத்தனான். இப்ப கடை முழுக்கப் பால், ஆனாப் பேரனுக்கு ஒரு முடறு குடுக்கேலாது." அதுவரை அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் எனக்கும் இவருக்கும் தோன்றியிருந்தது.

கல்சியம் பற்றி அவருக்கு இருந்த பயம் நியாயமானதும்கூட. ஓட்ஸில் இயற்கையாகக் கல்சியம் அதிகமில்லை, கம்பனி சேர்த்தால்தான் உண்டு. சேர்த்த பெட்டிகளில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கும், பசுப்பாலுக்குச் சமம். ஒன்று முதல் மூன்று வயதுக்கு இங்கே சொல்கிற அளவு நாளுக்கு 350 மில்லிகிராம். கணக்குச் சரியாக வரும். ஆனால் ஒரு கிழமை இவர் "ஓர்கானிக்" என்று எழுதிய பெட்டியை, விலை கூட என்பதால் நல்லதாகத்தான் இருக்குமென்று ஆறு வாங்கிக்கொண்டு வந்தார். திருப்பிப் பார்த்தால் கல்சியம் என்ற வரியே இல்லை. ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் ஓர்கானிக் என்று விற்கிற தாவரப் பாலில் பொதுவாக இப்படி விற்றமினோ கல்சியமோ சேர்க்க விதி இடம்கொடுப்பதில்லை. பெரியவர்கள் கோப்பிக்கு ஊற்றலாம், பிள்ளைக்கு அது வெள்ளைத் தண்ணீர்தான். இன்னொன்று, சேர்த்த கல்சியம் அடியில் படிந்துவிடும். ஊற்ற முன் நன்றாகக் குலுக்க வேண்டும். எங்கள் வீட்டில் குலுக்குவது மகனுடைய வேலை, அதற்காகவே அவன் பாலைக் கேட்கிறான்.

அம்மா தன் பங்குக்குக் குரக்கனை எடுத்தார். 100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராமுக்குக் கிட்டக் கல்சியம் உண்டு. அதை ஓட்ஸ் பாலில் காய்ச்சி, ஒரு பேரீச்சம்பழம் மசித்துப் போட்டுக் கொடுப்பார். குரக்கனிலுள்ள கல்சியம் எல்லாமே உடம்பில் சேராது என்று டயட்டிஷியன் சொன்னார். ஆனாலும் அந்தக் கஞ்சியோடு அம்மாவுக்கும் எனக்கும் இடையில் கதை திரும்பத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பேரன் குடிக்காததை நான் ஏன் குடிக்க வேண்டும் என்று அம்மா தானும் ஓட்ஸ் பாலுக்கு மாறினார். தேத்தண்ணிக்கு மட்டுமல்ல, இரவு படுக்க முன் குடிக்கிற பெரிய கோப்பைக்கும். அவருக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு. "சீனியே போடாமல் இனிக்குது பிள்ளை, நல்ல சாமான்" என்று சந்தோஷப்பட்டார்.

ஏன் இனிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓட்ஸை அரைத்துத் தண்ணியில் கரைத்தால் கூழ்தான் வரும். அதைப் பாலைப்போல ஓட வைப்பதற்கு நொதியம் சேர்க்கிறார்கள். அது மாச்சத்தை வெட்டி மோல்ட்டோஸ் என்ற சீனியாக்குகிறது. பாண் துண்டை நெடுநேரம் மென்றால் வாயில் இனிக்குமே, அதே வேலைதான். அதனால் பெட்டியில் "சீனி சேர்க்கப்படவில்லை" என்று உண்மையாகவே எழுதலாம், உள்ளே 100 மில்லிக்கு மூன்று நான்கு கிராம் சீனியும் இருக்கலாம். மோல்ட்டோஸ் இரத்தத்தில் விரைவாக ஏறுகிற சீனி. பசுப்பாலிலும் லாக்டோஸ் இருக்கிறதுதான், ஆனால் அது மெதுவாக ஏறும், கூடவே புரதமும் கொழுப்பும் இருக்கும். 300 மில்லி கோப்பையில் ஓட்ஸ் பாலென்றால் இருபது கிராமளவு மாவுச்சத்தும் சீனியும், பசுப்பாலென்றால் பதினாலளவு.

7க்குள் நின்ற அம்மாவின் காலைச் சீனி 9ஐத் தொட்டது. கிளினிக்கில் நேர்ஸ், சோறு, மாத்திரை எல்லாம் கேட்டுவிட்டு, "என்ன குடிக்கிறீர்கள்?" என்றும் கேட்டார். பால் ஒன்றுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இரவுக் கோப்பையை மாற்றிப் பாருங்கள் என்றார். தேத்தண்ணிக்கு ஊற்றுகிற இரண்டு மேசைக்கரண்டிக்குக் கவலைப்படத் தேவையில்லை, கோப்பை நிறையக் குடிப்பதுதான் கணக்கு. சீனி பூச்சியம் என்று எழுதிய ஓட்ஸ் பாலும் கடைகளில் இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சீனி சேர்க்காத சோயாப் பால் புரதத்தில் பசுப்பாலுக்குக் கிட்ட வரும், நீரிழிவுக்காரருக்குத் தோது. அதன் மணம் அவருக்கு ஒத்துவரவில்லை. இப்போது பேரன் நித்திரையான பிறகு ஒளித்து வைத்துப் பசுப்பால் குடிக்கிறார், அரைக் கோப்பை.

அப்பாவின் கதை சின்னது. கொலஸ்ட்ரோலைக் குறைப்பது ஓட்ஸில் இருக்கிற பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து. நாளுக்கு மூன்று கிராம் கிடைத்தால் பயன் உண்டு என்பது ஐரோப்பாவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. பீட்டா குளூக்கன் அளவைச் சொல்கிற பெட்டிகளில் ஒரு கிளாஸுக்கு ஒரு கிராம் என்றுதான் இருக்கும், பல பெட்டிகள் எதுவும் சொல்வதில்லை. நாற்பது கிராம் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சினால் ஒன்றரைக் கிராமுக்கு மேல் வரும், விலையும் கால்வாசி. கஞ்சி குடியுங்கோ அப்பா என்றேன். கஞ்சி நோயாளிக்குரியது என்கிறார். ஓட்ஸ் பாலைப் பிஸ்கட்டோடு குடிக்கிறார்.

பெரிய மாமாவுக்குச் சிறுநீரகம் பழுது. அவர் வருகிற நாட்களில் மட்டும் நான் பெட்டியை வாசித்துவிட்டுத்தான் ஊற்றுவேன். கோப்பியில் திரையாமல் இருப்பதற்காக "பரிஸ்டா" வகைகள் பலவற்றில் பொஸ்பேட் உப்புச் சேர்க்கிறார்கள். உள்ளடக்கத்தில் பொட்டாசியம் பொஸ்பேட் என்றோ இ340 என்றோ இருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது பெரிய விஷயமில்லை. பழுதடைந்தவருக்கு, சேர்த்த பொஸ்பேட் இயற்கையாக உணவில் உள்ளதைவிட வேகமாக இரத்தத்தில் சேரும். அவருடைய டயட்டிஷியன் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்.

மகளைப் பற்றி எனக்கு இருக்கிற ஒரே கவலை அயடீன். இங்கே பிள்ளைகளுக்கு அயடீன் பெரும்பாலும் பாலிலிருந்துதான் கிடைக்கிறது. உப்பில் அயடீன் சேர்ப்பது இலங்கையைப்போலப் பிரித்தானியாவில் வழக்கமில்லை. ஓட்ஸ் பாலில் சில கம்பனிகள் சேர்க்கின்றன, பல சேர்ப்பதில்லை. இறைச்சியை விட்டுவிட்டாள், மீனை இன்னும் விடவில்லை. மீன் பொரியல் இருக்கிறவரை பேசாமல் இருப்போம் என்று நானும் இவரும் முடிவெடுத்திருக்கிறோம். அதையும் விட்டால் அயடீனும் பி12உம் சேர்த்த சோயாப் பாலுக்கு மாற்றுவேன். பிள்ளைத்தாச்சியாக இருப்பவர்களும் இந்த அயடீன் வரியைப் பார்க்க வேண்டும்.

மெல்பேர்ணிலிருந்து மச்சாள் வந்திருந்தபோது இன்னொன்று தெரிந்தது. அவவுக்குச் சீலியாக் நோய், குளூட்டன் ஆகாது. எங்கள் கடையில் "குளூட்டன் ஃப்ரீ" என்று எழுதிய ஓட்ஸ் பாலைக் கண்டு அதிசயப்பட்டா. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் சேர்ந்த எந்தச் சாமானிலும் அப்படி எழுதச் சட்டம் விடாது. இங்கே, குளூட்டன் பத்து இலட்சத்தில் இருபது பங்குக்கு மேல் போகாவிட்டால் எழுதலாம். கனடாவில் 2015 முதல் விசேடமாக விளைவித்த ஓட்ஸுக்கு அனுமதி உண்டு. பிரச்சினை இரண்டு. சாதாரண ஓட்ஸ், கோதுமையும் பார்லியும் போகிற அதே வயல், லொறி, ஆலை வழியாக வருவதால் கலப்பு இருக்கும். கலப்பே இல்லாவிட்டாலும் ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனின் சீலியாக் உள்ளவர்களில் ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மச்சாள் குடிக்கவில்லை. பிளேன்டீ போதுமென்றா.

சமையலில் அதன் குணம் வேறு. தேத்தண்ணியோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் வழவழவென்று கூழாகிவிடும், மாச்சத்தின் வேலை. சாயத்தை வடித்து எடுத்த பிறகு, சூடாக்கி ஊற்ற வேண்டும். தயிர் உறையாது. பாலை உறைய வைப்பது கேசீன் என்ற புரதம், ஓட்ஸில் அது கிடையாது. அம்மா மூன்று இரவு உறை ஊற்றிப் போர்த்து வைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். பொங்கலுக்கு மட்டும் ஒரு மாற்றமும் வேண்டியிருக்கவில்லை, எங்கள் வீட்டில் அது முன்பிருந்தே தேங்காய்ப்பாலில்தான். இங்கே கடைப்பெட்டிகளில் ஓட்ஸுக்குப் பால் என்று போடாமல் "ஓட் ட்ரிங்க்" என்று எழுதுவதற்கும் ஐரோப்பிய விதிதான் காரணம், 2017இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த விதியில் விலக்குப் பெற்ற சிலவற்றில் தேங்காய்ப்பாலும் ஒன்று. அம்மாவுக்கு அதில் பெரிய பெருமை.

மகனுக்கு இப்போது மூன்று வயது. பெரும்பாலான பிள்ளைகள் இந்த ஒவ்வாமையிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் வெளியே வந்துவிடுவார்கள். அவனுடையது தாமதித்து வருகிற வகை என்பதால் டயட்டிஷியன் சொன்னபடி "பால் ஏணி" ஏறுகிறோம். முதலில் பால் சேர்த்து நன்றாகப் பேக் பண்ணிய பிஸ்கட், பிறகு மஃபின், பான்கேக், சீஸ், யோகட், கடைசியாகப் பால். அதிக நேரம் சூட்டில் வெந்த பால் புரதத்தை உடம்பு எளிதாகப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஒழுங்கு. ஒன்றரை வயதில் தொடங்கி மஃபினில் விழுந்தோம், கரப்பன் திரும்பி வந்தது. ஆறு மாதம் காத்திருந்து திரும்பத் தொடங்கினோம். இப்போது பான்கேக் தாண்டி, பீட்சாவில் உருகின சீஸ் கொஞ்சம். நாலு நாளாகிறது, தோல் சுத்தமாக இருக்கிறது. அம்மா காலையில் எழும்பினவுடன் அவனுடைய முழங்கை மடிப்பைத்தான் பார்க்கிறார்.